சுக்கானும் காலும்

விமானம் ஓட்டுவது கையினாற் செய்யப்படும் தொழில் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். திரைப்படங்களிற் கண்டதும் அதுவே. விமானி கைப்பிடியை இழுக்கிறார், விமானம் எழுகிறது. கைப்பிடியைத் திருப்புகிறார், விமானம் திரும்புகிறது. அவருடைய கால்கள் கீழே என்ன செய்கின்றன என்று எவரும் காட்டியதில்லை, நாமும் கேட்டதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பை ஆண்டுதோறும் கண்டு வளர்ந்திருந்தும், கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பதைப் பிழைப்பாகக் கொண்டிருந்தும், இந்த அறியாமை எம்மைவிட்டு நீங்க நாற்பத்தாறு வயதாயிற்று. அதை நீக்கி வைத்தது, படிப்பு மேசைக்குக் கீழே வந்து குடியேறிய ஒரு கறுப்புப் பெட்டி. அதிலே இரண்டு மிதிகள்.

எமது மூத்த புதல்வன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம் அது. மற்றப் பிள்ளைகள் மருத்துவம் என்றும் பொறியியல் என்றும் கனவு காண, இவன் ஆறாம் வகுப்பிலிருந்தே விமானி ஆகவேண்டும் என்று நின்றான். விமானப் பயிற்சிக்கு ஆகும் பணத்தை ஓர் ஆசிரியனின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடலை நாழியால் அளப்பது போன்றது. மறுக்க மனமில்லை, உடன்பட வழியில்லை. இத்தகைய வேளையிற் பெற்றோர் பலரும் செய்வதையே நாமும் செய்தோம். முடிவைத் தள்ளிப்போடும் பொருட்டு ஒரு பொருளை வாங்கிக் கொடுத்தோம். கொழும்பில் ஒருவர் பாவித்து விற்ற அந்த மிதிகள் பொதியில் வந்து சேர்ந்தன.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழக உதவும் செயலியைச் சிமியுலேற்றர் என்கிறார்கள். நாம் பாவனை விமானம் என்போம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட அத்தகைய செயலி, 2020இலும் 2024இலும் வந்த பதிப்புகளில் உலகம் முழுவதையும் செய்மதிப் படங்களைக் கொண்டு வரைந்து காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எம் வீட்டுக் கணினி முதுமை எய்தியது. அது மூச்சு வாங்காமற் சுமக்கக்கூடியது 2006ஆம் ஆண்டுப் பதிப்பே. ஆயினும் விமானத்தின் இயல்பைக் கற்க அதுவே போதும்.

அந்த மிதிகள் யாதுக்கு என்று முதலிற் சொல்லிவிடுகிறோம். விமானத்தின் வாலிலே செங்குத்தாக நிற்கும் தகட்டின் பின்பாதி இருபுறமும் அசையும். அதுதான் சுக்கான். கல்முனைக் கடற்கரையில் எந்த மீனவரைக் கேட்டாலும் சுக்கான் என்றால் என்னவென்று சொல்வார். அந்தச் சொல் அரபு மொழியிலிருந்து கப்பலேறித் தமிழுக்கு வந்தது என்பதை எம் முஸ்லிம் மாணவருக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சிறு பெருமிதம் தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். படகிலே சுக்கான் பிடியை வலப்புறம் தள்ளினாற் படகு இடப்புறம் திரும்பும். சைக்கிளிலே இடக்கையை முன்னே தள்ளினால் வண்டி வலப்புறம் போகும். விமானத்திலோ இடக்காலை முன்னே தள்ளினால் மூக்கும் இடப்புறமே திரும்புகிறது. ஆகவே, தோணியிற் பழகியவனுக்கும் சைக்கிளிற் பழகியவனுக்கும் முதல்நாள் கால் தடுமாறும். எம் புதல்வன் இரண்டிலும் பழகியவன்.

அம்மிதியில் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. மிதியை முழுமையாக முன்னே தள்ளினாற் சுக்கான் அசையும். அதன் மேற்பாகத்தை மட்டும் கால்விரற் பக்கத்தால் அழுத்தினால் சில்லின் பிறேக் பிடிக்கும். இடமிதி இடச்சில்லுக்கு, வலமிதி வலச்சில்லுக்கு. மோட்டார் வாகனத்தைப் போல எல்லாச் சில்லுகளையும் ஒரே மிதி நிறுத்துவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று திரும்பும். பயிற்சிக்குப் பெயர்போன செஸ்னா 172 விமானத்தில் மிதிகளை அசைத்தால் முன்சில்லு இருபுறமும் சுமார் 10 பாகை திரும்பும். ஒருபக்கப் பிறேக்கையும் சேர்த்தால் 30 பாகை வரை போகும். டயமண்ட், சிரஸ் போன்ற சில புதிய விமானங்களில் முன்சில்லு எவ்வித இணைப்பும் இன்றித் தன்போக்கிற் சுழல்வது. அங்கே தரையில் மெதுவாக ஓடும்போது திருப்புவதற்குப் பிறேக்கே கதி. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலைச் சீனக்குடாவில் யப்பானிய விமானங்களை எதிர்த்து எழுந்த ஹரிக்கேன் போர்விமானங்களில் வேறு முறை இருந்தது. அவற்றின் பிறேக் பிடி கைத்தடியில் இருந்தது. எந்தச் சில்லுக்கு எவ்வளவு என்பதைக் காலே பங்கிட்டது. எப்படிச் சுற்றி வந்தாலும் காலை விட்டுவிட்டு விமானம் இல்லை.

இவ்வளவையும் நூல்களிலும் குறிப்புகளிலும் படித்துத் தெளிந்து, பௌதிகவியல் ஆசிரியருக்குரிய மிடுக்கோடு நாமே மிதிகளைக் கணினியிற் பொருத்த அமர்ந்தோம். விமானம் ஓடுபாதையில் நின்றது. புதல்வன் இயந்திர வேகத்தைக் கூட்டினான். இயந்திரம் உறுமியதேயன்றி விமானம் ஓரங்குலமும் நகரவில்லை. முழு வேகம் கொடுத்தும் அசையவில்லை. அரைமணி நேரம் அறிவுரை வழங்கிய பின், சினத்தில் அவன் இரு பிறேக்கையும் ஓங்கி மிதித்தான். உடனே விமானம் அவிழ்த்துவிட்ட காளைபோலப் பாய்ந்தது! அடுக்களையிலிருந்து எமது இல்லாள் ஓடி வந்தார்.

காரணம் பிறகே விளங்கிற்று. மிதி எழுந்திருக்கும்போது ஓர் எண்ணையும் அழுந்தியிருக்கும்போது வேறோர் எண்ணையும் கணினிக்கு அனுப்புகிறது. அந்த எண்களின் திசையைச் செயலி தலைகீழாகப் புரிந்துகொண்டால், காலை எடுத்தவுடன் பிறேக் முழுமையாகப் பிடிக்கும், மிதித்தால் விடும். அமைப்புப் பக்கத்தில், இரு பிறேக்குகளுக்கும் எதிரே உள்ள ‘திசை மாற்று’ என்னும் கட்டத்தில் அடையாளம் இட்டால் தீர்ந்தது. இதை அறியாமல் மிதிகள் பழுது என்று திருப்பி அனுப்ப இருந்தோம்.

அதைத் திருத்தியதும் அடுத்தது. வானிலே பறக்கும்போது கால் சற்றே பிறேக்கில் பட்டால் விமானம் ஒருபுறம் சரிந்து தலைகுப்புறப் போயிற்று. மிதிப்பெட்டி மூன்று அளவுகளைக் கணினிக்கு அனுப்புகிறது: சுக்கான் ஒன்று, பிறேக்குகள் இரண்டு. பிறேக்குகளின் இரு அளவுகளுக்கும் உள்ள பெயர், கைத்தடியின் குறுக்கசைவுக்கும் நெடுக்கசைவுக்கும் வழக்கமாக உள்ள பெயரே. செயலி இரண்டையும் ஒன்றென்று கருதி, பிறேக்கைக் கைத்தடியாகவும் சேர்த்துப் பதிந்துகொண்டது. வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் ஒருவனுடைய குற்றத்துக்கு மற்றவன் அடிவாங்குவதுண்டல்லவா? அதேதான். தேவையற்ற பதிவை அழித்த பின்பே வானம் அமைதியுற்றது.

மூன்றாவது தொல்லைக்குக் கணினியில் மருந்தில்லை. சுக்கானை அழுத்தும்போதெல்லாம் புதல்வனின் சில்லுவைத்த கதிரை பின்னே ஓடியது. மிதிப்பெட்டி வழுவழுப்பான தரையில் முன்னே ஓடியது. நடுவிலே அவன் மெல்ல மெல்லப் படுத்த நிலைக்கு வந்துவிடுவான். இதற்கு வழி சொன்னவர் மருதமுனைக் காக்கா ஒருவர். மருதமுனை எமக்கு அடுத்த ஊர். கைத்தறிச் சாரத்துக்கும் புடைவைக்கும் பெயர் பெற்றது. இளமையிலே தறியில் இருந்து, இப்போது பேரப்பிள்ளையை எம்மிடம் மாலை வகுப்புக்கு அழைத்து வரும் முதியவர் அவர். அன்று வாசற்படியில் நின்றபடியே வேடிக்கை பார்த்தார்.

“மாஸ்டர், இருக்கிற பலகையும் மிதிபலகையும் ஒரே சட்டத்துல இருக்கோணும். இருக்கிற பலகை ஆடினா கால் பொய் சொல்லும்” என்றார்.

மறுவாரம் இரண்டு பலகைகளை அறுத்து, குறுக்குச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு முனையில் மரக்கதிரையின் கால்கள் புதைய இடம், மறுமுனையில் மிதிப்பெட்டிக்கு அணை. கூலி கேட்டபோது சிரித்தார். தறியிலே வலக்காலும் இடக்காலும் மாறி மாறி மிதிக்கப் பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது. அந்தப் பிளவினூடே நாடா ஓடுகிறது. கண் நூலைப் பார்க்கும், கை நாடாவை விடும், காலை எவரும் பார்ப்பதில்லை. “கால் தானாப் படிக்கிற வரைக்கும் துணி கோணலாத்தான் வரும் மாஸ்டர். ஆரும் சொல்லிக் குடுக்க ஏலா” என்று அவர் அன்று சொன்னதை நாம் புன்னகையோடு கேட்டுக்கொண்டோம். சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தச் சொல் உறைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. பறப்பதைத் தரையிலே பழக்கும் பொறிகளிற் புகழ்பெற்ற ஒன்றை ஆக்கியவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். அவருடைய குடும்பம் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரில் பியானோவும் ஓர்கன் வாத்தியமும் செய்து விற்றது. வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே, தடியையும் மிதியையும் அசைத்தாற் சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு சிறு விமானப் பெட்டியை அவர் 1929ஆம் ஆண்டளவிற் செய்து முடித்தார். எம் பஜனைக் கூடத்து ஆர்மோனியத்தின் துருத்தியும் அதற்கு உறவே. முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்களே அதை வாங்கின. 1934இல் அமெரிக்கப் படையின் விமானப் பிரிவு தபாற் சேவையை ஏற்று, மோசமான காலநிலையிற் பல விமானிகளைப் பறிகொடுத்தது. அதன் பின்னரே அப்படை ஆறு பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்பட்டது உயிர் காக்கும் பொருளாயிற்று. இதை எம் இல்லாளிடம் பலமுறை சொல்லி, மிதிகளுக்குக் கொடுத்த விலையை நியாயப்படுத்தினோம்.

இனி எமது குற்றத்துக்கு வருவோம்.

மிதிகள் சரியாகப் பொருந்திய பின்பு உண்மையான தொல்லை தொடங்கிற்று. வேகம் கூட்டியதும் விமானம் இடப்புறம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் ஓடியது. அது கருவியின் பிழை அன்று, இயற்கை. விமானியின் ஆசனத்திலிருந்து பார்க்கச் செஸ்னாவின் முன்விசிறி வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அது எறியும் காற்று உடலைச் சுற்றி முறுக்கிச் சென்று வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்புறம் ஒதுங்க, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. விசிறியின் எதிர்முறுக்கு இடச்சில்லை நிலத்தோடு அழுத்துவதும் அதற்குத் துணை. ஆகவே, எழும் வேளையில் வலக்காலை அளவறிந்து ஊன்றிக்கொண்டே இருக்கவேண்டும். நாம் கரும்பலகையில் வரைந்து விளக்கினோம். புதல்வன் தலையாட்டினான். அவனுக்கு விளங்கிற்று, அவன் காலுக்கு விளங்கவில்லை. பிந்தி மிதிப்பான், மிதித்தால் அதிகம் மிதிப்பான், பதறிக் காலைத் தூக்கும்போது பிறேக்கிலும் படும், விமானம் சுழன்று கவிழும். ஒரு நாளில் நாற்பது தடவை கவிழ்ந்ததாகத் தம்பியிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு வாரங்களில் அவன் முகம் வாடிற்று. ஒருநாள் இராச்சோற்றை மறுத்துப் படுத்துவிட்டான். “எனக்கு இது சரிவராது அம்மா” என்று சொன்னது சுவருக்கு அப்பால் எமக்குக் கேட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து கணினியைத் திறந்து, அமைப்புப் பக்கங்களைப் புரட்டினோம். ‘தானியங்கிச் சுக்கான்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் அடையாளமிட்டால், கைத்தடியைத் திருப்பும்போது சுக்கானும் முன்சில்லும் தாமாகவே கூடத் திரும்பும். மிதி இல்லாதவர்களுக்காக வைக்கப்பட்ட வசதி அது. பக்கத்திலே விசிறியின் இழுப்பைக் குறைக்கும் அளவுகோலும் இருந்தது. முதலாவதில் அடையாளமிட்டோம், இரண்டாவதை அடியில் இறக்கினோம். இரண்டு சொடுக்கு. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம், உறக்கமும் வந்தது.

மறுநாட் காலை விமானம் நூல்பிடித்தாற்போல ஓடி எழுந்தது. “அப்பா, கால் பிடிபட்டிட்டு!” என்று அவன் கூவிய ஒலி இன்னும் செவியில் இருக்கிறது. இல்லாள் சாய்ந்தமருதுக் கடையிலிருந்து தொதல் வாங்கி வந்து அயலாருக்கும் கொடுத்தார். நாமும் ஒரு துண்டு உண்டோம்.

நான்கு மாதம் நாம் வாய் திறக்கவில்லை. அவனோ காலையும் அசைத்தான், கையையும் அசைத்தான். இரண்டில் எது விமானத்தைத் திருப்பியது என்று அவனுக்கு எங்ஙனம் தெரியும்? எமது மனத்தைத் தேற்ற வரலாற்றிலே துணை தேடினோம், கிடைத்தது. ரைட் சகோதரர் தமது 1902ஆம் ஆண்டு மிதவை விமானத்திற் சுக்கானை இறக்கையின் முறுக்கோடு கயிற்றாற் பிணைத்திருந்தார்கள். விமானி தனியாக அதை அசைக்க வேண்டியதில்லை. பிரெட் வெய்க் என்பவர் வடிவமைத்து 1937இற் பறந்த எர்க்கூப் என்னும் விமானத்துக்குச் சுக்கான் மிதியே கிடையாது. கையிலுள்ள சக்கரமே எல்லாவற்றையும் செய்தது. பார்த்தீர்களா, அறிஞரும் எமது பக்கமே என்று எண்ணிக்கொண்டோம். அந்த ரைட் சகோதரரே 1905இல் அந்தப் பிணைப்பை அறுத்துச் சுக்கானைத் தனியாக்கினார்கள் என்ற அடுத்த வரியை மட்டும் வேகமாகப் படித்தோம். குற்றமுள்ள நெஞ்சு எந்த வரியை வேகமாகப் படிக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியாததன்று. விடைத்தாளிலும் அதைத்தானே காண்கிறோம்.

பெறுபேறு நன்றாகவே வந்தது. எமது மைத்துனர் ஒருவர் மகிழ்ந்து, புதல்வன் ஒரு முறையாவது உண்மை விமானத்தில் ஏறிப் பார்க்கட்டும் என்று அறிமுகப் பறப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினார். இரவுப் பஸ்ஸில் கொழும்பு சென்று, விடியற்காலை இரத்மலானையை அடைந்தோம். 1935 நவம்பர் 27ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த முதல் விமானம் இறங்கிய நிலம் அது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டதும் அங்கிருந்தே. இந்த விவரங்களையெல்லாம் வேலியோரத்தில் நின்று அவனுக்குச் சொன்னோம். அவன் கேட்கவில்லை, இரண்டு ஆசனமுள்ள ஒரு சிறு செஸ்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விமானம் தரிப்பிடத்திலிருந்து மெல்ல நகர்ந்தது. சற்றுத் தூரம் சென்றதும் இடப்புறம் ஒதுங்கிற்று. மஞ்சட் கோட்டைவிட்டுப் புல்லை நாடிற்று. பிறகு வெடுக்கென்று நடுக்கோட்டுக்குத் திரும்பிற்று. யாரோ பிடுங்கித் திருப்பியது போலிருந்தது அந்த அசைவு. உள்ளே என்ன நடந்தது என்று எமக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நாற்பது நிமிடங்களும் வேலிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றோம்.

இறங்கி வந்த பயிற்றுநர் பண்பானவர். பையனுக்குக் கண்ணும் கையும் நன்று என்றார். பின்னர் நகைத்துக்கொண்டே, வீட்டுக் கணினியிற் பழகியவரா என்று வினவினார். தரையில் ஓடும்போது கைப்பிடியை லொறிச் சக்கரம் போலத் திருப்பினாராம். தரையிலே அதனால் ஒன்றும் ஆவதில்லை, திருப்புவது கால். வானிலும் கால்கள் உறங்கினவாம். கருவிப் பலகையில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள்ளே ஒரு பந்து மிதக்கிறது. தச்சனுடைய நீர்மட்டத்துக்கு உறவினன். பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து மிதியை அழுத்தவேண்டும். திரும்பும்போதெல்லாம் பந்து ஓரத்திலேயே கிடந்ததாம். கால் பழகியதே இல்லைப் போலும் என்றார் அவர். “மிதி வைத்திருக்கிறேன், நான்கு மாதம் பழகினேன்” என்று புதல்வன் மெல்லிய குரலில் மறுமொழி சொன்னான். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் பேசவே இல்லை. கண்ணை மூடியிருந்தான்; கால்கள் மட்டும் முன் ஆசனத்தின் கீழே அசைவதைக் கண்டோம். வலம், இடம், வலம். எந்த இடத்திற் பிழைத்தேன் என்று அவை தேடிக்கொண்டிருந்தன. பேசலாம் என்று பலமுறை நினைத்தோம். பஸ்ஸில் வேண்டாம், வீட்டில் சொல்வோம் என்றது மனம். வீட்டுக்கு வந்ததும் நாளை சொல்வோம் என்றது.

அவன் நாளை வரை விடவில்லை. குளித்து முடித்ததும் கணினியைத் திறந்தான். பதினைந்து நிமிடம் கழித்து, “அப்பா, ஒருக்கா வாங்க” என்று அழைத்தான். திரையில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது.

“இதை ஆரு போட்ட? இது முதலே இருந்ததா?”

முதலே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான். அந்த வாயிலை அவனே திறந்து வைத்ததுபோலக்கூட எமக்குத் தோன்றிற்று. நாம் போட்டதுதான் என்றோம். என்றைக்கு என்றும் சொன்னோம்.

அவன் கோபிப்பான் என்று காத்திருந்தோம். கோபிக்கவில்லை. “அப்ப அண்டைக்குக் குடுத்த தொதல்?” என்று மட்டும் கேட்டான். அதற்கு எம்மிடம் விடையிருக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் நின்றவன், பிள்ளை தட்டுத்தடுமாறும் வேளையிற் பொறுக்கமாட்டாமல் அடுத்த வரியைத் தானே எழுதிவிடும் வழக்கமுடையவன், அன்று ஒரு வரியும் எழுதத் தோன்றாமல் நின்றோம்.

மூன்று நாள் அவன் கணினியைத் தொடவில்லை. நான்காம் நாள் எல்லா அமைப்பையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினான். எம்மை அருகில் இருக்கச் சொன்னான். அந்த வேலையை இங்கே சற்று விரித்துச் சொல்வது இதே மிதிகளை வாங்கும் பிற வீட்டாருக்குப் பயன்படும். முதலில் கணினியிலேயே மிதிகளின் முழு எல்லையையும் அளந்து பதியவேண்டும்: சுக்கானை இருமுனைவரை தள்ளி, பின் பிறேக்குகளை ஒவ்வொன்றாக அடிவரை அழுத்தவேண்டும். காலை எடுத்த நிலையிற் குறிமுள் நடுவில் நிற்கிறதா, பிறேக் முழுமையாக விட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதன் பின் செயலியில் உணர்திறனை உச்சத்திலும், நடுநிலையைச் சுற்றிக் கணினி பொருட்படுத்தாது விடும் எல்லையை மிகக் குறைத்தும் வைக்கவேண்டும். அந்த எல்லை அகன்றால் மிதித்தும் ஒன்றும் நிகழாது. பின் திடீரென்று நிகழும். பதற்றம் பிறப்பது அங்கேதான்.

எம் மிதியில் அந்த எல்லையை முற்றாக ஒழிக்க முடியவில்லை. உள்ளே இருப்பது உரசி இயங்கும் மாறுந்தடை. கடற்காற்றின் உப்பும் தூசியும் படிந்து, தொடாமலே குறிமுள் துடித்தது. பெட்டியைக் கழற்றித் துடைத்த பின்பும் சிறிது மிஞ்சியது. விலை கூடிய மிதிகளில் உரசல் இல்லை. 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவைக் கொண்டு, காந்தத்தின் அசைவைத் தொடாமலே அளக்கின்றன. கரையோரத்தில் வாழ்பவர் இயலுமானால் அதனையே வாங்குக.

பிறகு குதிகால். அது தரையில் ஊன்றியே இருக்கவேண்டும். பாதத்தின் முன்பகுதி மிதியின் அடிப்பாகத்தில் மட்டும் படவேண்டும். பிறேக் தேவைப்படும்போதே பாதத்தை மேலே நகர்த்துவது. இறங்கும் வேளையிற் பாதம் மேலே இருந்தால், அறியாமலே பிறேக் பிடித்தபடி நிலத்தைத் தொட நேரும். உண்மை விமானத்தில் சில்லு தேய்ந்து வெடிக்கவும், விமானம் ஒருபுறம் இழுத்துக்கொண்டு போகவும் அதுவே போதும். அவனுடைய மரக்கதிரையின் உயரத்தை அரை அங்குலம் குறைத்த பின்பே குதிகால் படிந்தது. காக்காவின் சட்டத்தில் அதற்கும் இடமிருந்தது.

தானியங்கிச் சுக்கானின் அடையாளத்தை அவன் எம் கையாலேயே நீக்கச் செய்தான். விசிறியின் இழுப்பை உச்சத்துக்கு ஏற்றினான். பின்னர் ஒரு வாரம் அவன் பறக்கவே இல்லை. ஓடுபாதைக்கு வரும் வழியிலே நடைவேகத்தில் ஓடுவதும், நடுக்கோட்டில் நிற்பதும், ஒருபக்கப் பிறேக்கால் திரும்புவதும், இரண்டையும் சமமாகப் பிடித்து நிறுத்துவதுமே வேலை. கைத்தடியைத் தொடாதிருக்க வலக்கையைத் தொடையின் கீழே வைத்துக்கொண்டான்! விமானம் இன்னும் புல்லுக்குள் ஓடியது. பழைய நாற்பது தடவை மீண்டும் வந்தது. அவன் முகமும் பழையபடி வாடிற்று. ஆனால் இம்முறை அவன் சோற்றை மறுக்கவில்லை. நாம் மட்டும் சரியாக உண்ணவில்லை என்று இல்லாள் பின்னர் சொன்னார்.

இடையிலே ஒருநாள் எம்மையும் அமரச் செய்தான். திருப்பம், விசை, கோண உந்தம் யாவும் கற்பித்த இந்தக் கால்கள் மூன்று விநாடியில் விமானத்தைக் கவிழ்த்தன. காக்காவும் அன்று வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி அமர்ந்தார். திரையை அவர் அதிகம் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் தடவையிலே புல்லுக்குப் போனார். இரண்டாம் தடவை, கோட்டின் இருபுறமும் சிறிது ஆடினாலும், தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை கொண்டுபோய் நிறுத்தினார். “இது லேசான தறி மாஸ்டர். ஒரு மிதி மேல வந்தா மற்றது கீழ. எங்கட தறியில அதுக்கு மேல நாடாவும் போகோணும்” என்றார். புதல்வன் அவருடைய பாதங்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மாலை அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனதாக இல்லாள் சொன்னார். எதற்கென்று நாம் கேட்கவில்லை.

பயிற்சிப் பணத்துக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான், விமானமும் அவன் மனத்தை விட்டுப் போகவில்லை. மாலையில் எமது வகுப்பு முடியும் நேரத்தில், பக்கத்து அறையிலிருந்து இயந்திர ஒலியும் மிதிகளின் கிறீச்சும் கேட்கும். இப்போது பழகுவது குறுக்குக் காற்றிலே இறங்குவது. கச்சான் காற்று அடிப்பதுபோல ஒருபுறக் காற்றைச் செயலியில் வைத்து, இறக்கையைக் காற்றுப் பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கக் காலால் மூக்கை நேரே பிடித்து இறங்க வேண்டும். கையும் காலும் ஒன்றுக்கொன்று எதிராக வேலைசெய்யும் வித்தை அது. தானியங்கிச் சுக்கானால் ஒருபோதும் செய்ய முடியாதது. பெரும்பாலும் தவறுகிறான்.

சில வேளை, “அப்பா, வந்து பாருங்க” என்று அழைப்பான். சென்று அவன் கதிரைக்குப் பின்னே நிற்போம். விமானம் ஓடுபாதைக்கு வெளியே வெளியே ஒதுங்கிக்கொண்டு இறங்கும். வலக்கால், வலக்கால் என்று நாவின் நுனிவரை வரும். இரு கைகளையும் பின்னே கட்டிக்கொண்டு நிற்கிறோம்.